மத்தியானத்தில் மூச்சு வாங்கிய லோரி

ரவாங்கில் என் மருமகன் நடத்தும் பட்டறையில் இப்போது ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகுகிறார்கள். எஞ்சினுக்குள் போகிற காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்று கையில் உள்ள சின்னத் திரை சொல்லிவிடுகிறது. போன மாதம், தார் உருகுகிற வெயிலில், ஒரு டர்போ டீசல் பிக்கப் வந்தது. மேட்டில் இழுக்கவில்லை, பின்னால் கறுப்புப் புகை என்றார் வண்டிக்காரர். ஒரு கிண்ணம் செண்டோல் தின்று முடிக்கிற நேரத்தில் பட்டறை ஆட்கள் காரணத்தைச் சொல்லிவிட்டார்கள்.

அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அங்கிள், உங்க காலத்துல இது இல்லாம எப்படிலா கண்டுபிடிச்சீங்க?"

"எங்க தோட்டத்துல இதே சீக்கைக் கண்டுபிடிக்க ஆறு வாரம் ஆச்சு. அந்தச் சீக்கைக் குடுத்ததே நான்தான்" என்றேன்.

கிழவன் தமாஷ் பண்ணுகிறான் என்று சிரித்தார்கள். நான் தமாஷ் பண்ணவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோலசிலாங்கூருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் நடுவே இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் ஃபிட்டராக வேலை பார்த்தேன். அப்பாவும் அம்மாவும் அங்கேயே ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவர்கள். பால்மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட வருஷத்தில் பட்டறையில் சேர்ந்தேன். மூன்று வருஷம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன், இரண்டு வருஷம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், அப்புறம் யாரும் சொல்லாமலே எஞ்சினைப் பிரிக்க ஆரம்பித்தேன். முப்பது வயதுக்குள் எனக்குத் தெரியாத எஞ்சின் இல்லை என்ற நினைப்பு வந்துவிட்டது. அந்த நினைப்புதான் பின்னால் கதையைக் கெடுத்தது.

எங்கள் போர்மேன் பெயர் மரியதாஸ். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. வண்டி வந்தால் உடனே தொடமாட்டார். டிரைவரைக் கூப்பிட்டு, எப்போது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, சுமையோடா வெறுமனேயா என்று கேட்பார். பிறகு புகைக்குழாயில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்ப்பார். பிறகு குழாய்களைத் தொடுவார். அதுவும் உள்ளங்கையால் அல்ல, புறங்கையால். பட்டறையில் வேலை செய்த உள்ளங்கை காய்த்துப் போனது, அதற்குச் சூடு தெரியாது என்பார். ஒரு நேரத்தில் ஒரு சாமானைத்தான் மாற்றவேண்டும், இரண்டை மாற்றிவிட்டு வண்டி சரியாகிவிட்டது என்று சொன்னால் ஏற்கமாட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு நட்டை இறுக்கினாலும் வேலைப் புத்தகத்தில் எழுதவேண்டும். "எழுதாத வேலை செய்யாத வேலை" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும். முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரை வாத்தியார் என்று கிண்டல் செய்வோம்.

எண்பதுகளின் நடுவில் தோட்டத்துக்கு ஒரு புது லோரி வந்தது. டர்போ என்று கதவிலேயே எழுதியிருந்தார்கள். அதுவரை நாங்கள் பார்த்த லோரிகள் தாமாகக் காற்றை இழுத்துக்கொள்பவை. இது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். பழைய லோரி இரண்டு நடை அடிக்கிற பழக்குலையை இது ஒரே நடையில் எண்ணெய் மில்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. செம்பனைப் பழம் வெட்டிய பிறகு காத்திருக்காது. தாமதமானால் எண்ணெய் கெட்டுப்போகும். அதனால் தோட்ட மேனேஜரான துரைக்கு அந்த லோரிமேல் தனிப் பிரியம். ஓட்டுவதற்கு வேலாயுதத்தைப் போட்டார்கள்.

வேலாயுதம் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதிகம் பேசமாட்டார். வண்டிக்குள் செருப்போடு ஏறமாட்டார். அவர் மனைவி அஞ்சலை செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கினார். தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்துக்கு நேர் பின் லயத்தில் அவர்கள் வீடு.

அந்த வருஷக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. காட்டுப் பாதையின் இரண்டு பக்கத்திலும் மட்டைகள் நனைந்து தாழ்ந்து தொங்கின. டிரைவர் உட்காரும் லோரித் தலைக்குப் பின்னால் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய். எஞ்சின் அதன் வழியாகத்தான் காற்றை இழுக்கும். அந்தக் குழாயை ஒரு மட்டை அடித்து ஒடித்துவிட்டது. போர்மேன் அப்போது மகள் கல்யாணத்துக்காக ஒரு மாதம் லீவில் இருந்தார். நான் யோசிக்கவே இல்லை. எங்கள் தோட்டத்துப் பழைய லோரிகள் எல்லாவற்றிலும் அந்தக் குழாய் என்றைக்கோ ஒடிந்து, நாங்கள் அதைக் குட்டையாக வெட்டி, வாயை எஞ்சின் பக்கம் திருப்பி வெல்டிங் வைத்திருந்தோம். மட்டையும் அடிக்காது, மழைத்தண்ணீரும் போகாது. பக்கத்துத் தோட்டங்களிலும் அதுதான் வழக்கம். புது லோரிக்கும் அதையே செய்தேன். ஒரு மணி நேர வேலை. கைபழகிய வேலை என்பதால் புத்தகத்தில் எழுதவில்லை.

மழை நிற்கும்வரை லோரி நன்றாக ஓடியது. தைப்பூசம் முடிந்து வெயில் ஏற ஆரம்பித்த பிறகுதான் வேலாயுதம் பட்டறைக்கு வந்தார்.

"காலையில குதிரை மாதிரி போவுது. மத்தியானம் கழுதையாயிடுது. கோயில் மேட்டுல ஏற மாட்டேங்குது" என்றார்.

கோயில் மேடு என்பது இரண்டாம் டிவிஷனிலிருந்து மில்லுக்கு வரும் வழியில் இருக்கும் ஏற்றம். உச்சியில் ஒரு முனீஸ்வரர் கோயில். நாங்கள் வண்டியைப் பட்டறையில் நிறுத்திப் பார்த்தோம். நிழலில், சுமை இல்லாமல், அது நல்ல பிள்ளையாக நின்றது. போர்மேன் முறைப்படி ஒவ்வொன்றாகப் போனார். ஒரு வாரம் காற்று வடிகட்டி. அடுத்த வாரம் டீசல் வடிகட்டி. அதற்கடுத்து டீசலைத் தெளிக்கும் நாசில்களைக் கழற்றிக் கிள்ளானுக்கு அனுப்பிச் சோதித்தார். டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய்க்குச் சோப்புத் தண்ணீர் பூசிக் கசிவு பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. வெட்டிய குழாய் எங்கள் இருவர் கண் முன்னால்தான் இருந்தது. ஆனால் எல்லா லோரியிலும் அது அப்படித்தானே இருக்கிறது! பழகிய கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

இதற்குள் லோரி முன்பைவிட அதிக டீசல் குடிப்பதை ஆபீஸ் கவனித்துவிட்டது. நடை குறைகிறது, டீசல் கூடுகிறது. இது போதாதா? வேலாயுதம் மத்தியானத்தில் எங்கேயோ நிறுத்துகிறார், கம்போங் குவாந்தான் ஆற்றுப் பக்கம் படகுக்காரர்களுக்கு டீசல் ஊற்றிக் கொடுக்கிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்று இன்றுவரை தெரியாது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஒருநாள் துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். போர்மேன் அன்று கிள்ளானுக்குப் போயிருந்தார். எஞ்சினில் கோளாறு இருக்கிறதா என்று துரை மலாயில் கேட்டார். எல்லாம் பார்த்துவிட்டோம், எஞ்சினில் ஒரு குறையும் இல்லை என்றேன். அப்படியென்றால் காலையில் ஏறும் லோரி மத்தியானம் ஏன் ஏறவில்லை என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "அது டிரைவரைத்தான் கேட்கணும், துவான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். லோரிக்கு மணி பார்க்கத் தெரியாது, மனிதனுக்குத்தான் மத்தியானம் ஆனால் புத்தி மாறும் என்று துரை பின்னால் சொன்னது காதில் விழுந்தது.

மறுநாள் வேலாயுதத்துக்குக் கடிதம் வந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீட்டையும் காலி செய்யவேண்டும். அந்த வீட்டில் அவர் பெற்றோர் காலத்திலிருந்து இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் அஞ்சலை என்னை நிறுத்தினார்.

"மணியம் தம்பி, நீ பொய் சொல்ல மாட்டே. நெசமா எஞ்சின்ல ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல அண்ணி."

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அதில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு போர்மேன் என்னைக் கூப்பிட்டார். "சீக்கு எங்க வருதோ அங்க போயிதான் பாக்கணும். நாம நெழல்ல நிறுத்திப் பாத்துக்கிட்டிருக்கோம். இன்னைக்கு ரெண்டு மணிக்கு நீ வேலாயுதத்தோட ஏறு" என்றார்.

ஏறினேன். லோரித் தலைக்குள் வெயில் அனலாக இருந்தது. பின்னால் முழுச்சுமை பழக்குலை. மேட்டடியில் மூன்றாவது கியர். கால் பங்கு ஏறுவதற்குள் இரண்டாவது. பாதியில் ஒன்றாவது. கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் பாதையே தெரியாத அளவுக்குக் கறுப்புப் புகை. ரேடியேட்டர் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. வேலாயுதம் ஓரமாக நிறுத்தினார், எஞ்சினை அணைக்கவில்லை.

"பாத்துக்க. காலைத் தரை வரைக்கும் மிதிச்சிருக்கேன். இதுக்கு மேல மிதிக்கத் தகரம்தான் இருக்கு."

நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே சொன்னார்: "அஞ்சல என்கூடப் பேசி அஞ்சாறு நாளாச்சு. 'மணியம் தம்பியே ஒண்ணும் இல்லன்னு சொல்லிருச்சு, அப்ப நீ என்னதான்யா பண்றே'ன்னு கேட்டா. அதோட சரி. சோத்தை மூடி வெச்சிட்டுப் போயிடுறா. தொரை திருடன்னு சொன்னா தாங்கிக்கலாம். வீட்டுலயே சொன்னா எங்க போவேன்?"

கீழே இறங்கினேன். எதையாவது பார்ப்பதுபோல் லோரித் தலைக்கும் பின்பெட்டிக்கும் நடுவே நுழைந்தேன். ரேடியேட்டரைத் தாண்டி வரும் விசிறிக் காற்று முகத்தில் அறைந்தது. அடுப்பு வாயில் நிற்பதுபோல் இருந்தது. அந்தக் காற்று எங்கே போகிறது என்று புறங்கையைக் காட்டிக்கொண்டே போனேன். நேராக ஒரு குழாயின் வாய்க்குள் போயிற்று. எஞ்சின் அதைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது. குழாயின் கழுத்தில் வெல்டிங் கோடு. கடைசியில் கொஞ்சம் வலது பக்கம் வளைந்து முடியும் கோடு. என் கை எப்போதும் அப்படித்தான் முடிக்கும்.

மழையில் செய்தேன். மழையில் ரேடியேட்டர் காற்று அவ்வளவு சூடில்லை, அதனால் ஒன்றும் தெரியவில்லை. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பதை வாயால் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்றுதான் பாவம் செய்தவன் இடத்தில் நின்று பார்த்தேன்.

"என்ன தம்பி, ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்று வேலாயுதம் மேலிருந்து கேட்டார்.

"பாக்கலாம்ண்ணே" என்றேன். அந்தப் பொய்க்கு இன்றும் கூசுகிறது.

வேலை முடியும்வரை என் புத்தி ஒரே வழியில் ஓடியது. நாளைக் காலையில் ஒருவருக்கும் தெரியாமல் குழாயைச் சரியாக்கிவிடலாம். லோரி சரியாகிவிடும். யாருக்கு என்ன நஷ்டம்? அடுத்த மாதம் என்னை முதல்தர ஃபிட்டராக ஆக்குவதாகப் பேச்சு இருந்தது. ஆனால் லோரி திடீரென்று சரியானால் துரை என்ன நினைப்பார்? கடிதம் கொடுத்ததும் டிரைவர் பயந்துவிட்டான், திருட்டை நிறுத்திவிட்டான் என்றுதான் நினைப்பார். சரியாகிற லோரியே வேலாயுதத்துக்கு எதிர்ச்சாட்சியாகிவிடும்.

நேரே போர்மேன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"எழுதினியா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"சின்ன வேலைன்னு..."

அவர் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். திட்டவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"சூடான காத்து மெலிஞ்ச காத்து. எஞ்சின் அதே அளவு காத்தை இழுத்தாலும் உள்ள சத்து கம்மி. டீசல் மட்டும் பழைய அளவுல ஊத்துது. எரிக்கக் காத்து பத்தலை, எரியாத டீசல்தான் கறுப்புப் புகை. டர்போ வேற காத்தை அமுக்கும். அமுக்கினா அது இன்னும் சூடாவும். பழைய லோரி இந்தச் சூட்டைத் தாங்கிக்கும், சுமையும் கம்மி. இது தாங்காது. வண்டி இழுக்கலன்னா டிரைவர் என்ன பண்ணுவான்? இன்னும் மிதிப்பான். இன்னும் டீசல் போவும்." கொஞ்சம் நிறுத்தி, "அவன் டீசலை ஆத்தங்கரையில ஊத்தலை. கோயில் மேட்டுல புகையா விட்டிருக்கான்" என்றார்.

"நாளைக்குக் காலையில சரி பண்ணிடுறேன் சார்."

"பண்ணாதே. தொரை கண்ணால பாக்கட்டும். அதுவரைக்கும் வண்டி அப்படியே இருக்கணும்."

மறுநாள் முழுக்க நான் தகரத்தில் ஒரு குழாய் செய்தேன். லோரித் தலைக்குமேல் ஒரு முழம் உயர்ந்து நிற்கும்படி, மட்டை அடித்தால் தாங்குவதற்கு முன்னால் ஒரு இரும்புக் கம்பியும் வைத்து. பத்து நிமிடத்தில் மாட்டும்படி கிளிப் போட்டேன். போர்மேன் மில் ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு வெப்பமானிகளை இரவல் வாங்கி வந்தார்.

வெள்ளிக்கிழமை, விசாரணை மேசையில் நடக்கவில்லை. கோயில் மேட்டடியில் நடந்தது. மத்தியானம், முழுச்சுமை. துரையின் முன்னால் நின்று, எனக்குத் தெரிந்த மலாயில், அன்றைக்கு நான் சொன்னது தப்பு, குழாயை வெட்டியது நான், எழுதாமல் விட்டதும் நான் என்று சொன்னேன். வேலாயுதம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். துரை போர்மேன் பக்கம் திரும்பினார்.

"அவன் என் ஆளு. நான் பாத்திருக்கணும்" என்றார் மரியதாஸ்.

வெப்பமானி ஒன்றைப் பக்கக் கண்ணாடியில் கட்டினோம். மற்றொன்றை வெட்டிய குழாயின் வாயில் கட்டினோம். துரையும் போர்மேனும் வேலாயுதத்தோடு ஏறினார்கள். எனக்கு இடமில்லை. நான் மேட்டில் நடந்து உச்சிக்குப் போய்க் கோயில் பக்கத்தில் நின்றேன். லோரி முக்கி முனகி ஒன்றாவது கியரில் வந்து சேர்ந்தது. துரை சட்டை நனைந்து இறங்கினார். போர்மேன் இரண்டு வெப்பமானிகளையும் அவர் கையில் கொடுத்தார். துரை ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார், மறுபடியும் முதலாவதைப் பார்த்தார். குழாய் வாயில் கட்டியது வெகு மேலே ஏறி நின்றது.

லோரியைத் திருப்பிக் கீழே கொண்டுபோனார்கள். நானும் இறங்கித் தகரக் குழாயை மாட்டினேன். எஞ்சின் ஆறுவதற்குக் காத்திருக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், சூட்டோடு சூடாகப் பார்த்தால்தான் துரைக்குச் சந்தேகம் வராது என்றார் போர்மேன். மறுபடியும் உச்சிக்கு நடந்தேன். நடக்கும்போது மனசுக்குள் ஒரு பயம்: நான் நினைத்தது தவறாக இருந்தால்? அப்புறம் வேலாயுதத்தை யாரும் காப்பாற்ற முடியாது.

முதலில் சத்தம்தான் வந்தது. மூன்றாவது கியர். பாதி மேட்டில் சத்தம் தாழ்ந்தது, இரண்டாவதுக்கு மாற்றப்போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மாற்றவில்லை. அதே மூன்றாவதில் இழுத்துக்கொண்டு வளைவைத் தாண்டி வந்தார். பின்னால் லேசான புகை, அதற்கு அப்பால் பாதை முழுதும் தெரிந்தது. அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

துரை இறங்கி வேலாயுதத்தைக் கேட்டார், இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று.

"சொன்னேன் துவான். காலையில குதிரை, மத்தியானம் கழுதைன்னு மொத நாளே சொன்னேன்."

துரை நல்ல மனிதர்தான். கடிதத்தை அங்கேயே வாங்கிக் கிழித்துவிட்டு, வேலாயுதத்துக்குக் கை கொடுத்தார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, முதல்தர ஃபிட்டர் வேலை இரண்டு வருஷம் தள்ளிப் போனது. எனக்கு அது உறைக்கவே இல்லை. பழைய லோரிகளின் குழாயையும் ஒவ்வொன்றாக மேலே தூக்கி வைத்தேன், ஒவ்வொன்றையும் புத்தகத்தில் எழுதினேன்.

ஆனால் அன்று சாயங்காலம் பாக்கி ஒன்று இருந்தது. மில்லில் பழத்தை இறக்கிவிட்டு வந்த வேலாயுதத்திடம், "என்னை மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.

"அதெல்லாம் அப்புறம்லா. வா வீட்டுக்கு. நீ சொன்னாத்தான் அவ நம்புவா. என் வாயால நான் சொல்ல மாட்டேன்."

அஞ்சலை உதிரிப்பழ வேலை முடிந்து வந்து, வாசலில் முள் குத்திய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தது தெரிந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

"அண்ணி, எஞ்சின்ல ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்ல. தப்பு. குறை இருந்துச்சு. அதை வெச்சதே நான்தான். அண்ணன் ஒரு சொட்டு டீசல்கூட எடுக்கலை."

திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம். எழுந்து உள்ளே போனார். சாக்கின் முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து இழுத்தார். உள்ளிருந்து ஒரு சோற்று மங்கு எடுத்துச் சேலையால் துடைத்தார். பிறகு என் பின்னால் நின்ற வேலாயுதத்தைப் பார்த்தார்.

"சோறு போடவா?"

"போடு" என்றார் வேலாயுதம்.